நூலகத்தில் க்யூஆர் குறியீடு: அச்சிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

சேலம் லீ பஜார் மொத்தக் கடையிலிருந்து பேருந்து நிலையத்து வாசலில் நிற்கும் இளநீர் வண்டி வரை க்யூஆர் குறியீடு இல்லாத இடம் இன்று அரிது. கறுப்பும் வெள்ளையுமான அந்தச் சதுரத்தைக் கண்டதும் கைபேசியை நீட்டும் பழக்கம் எல்லோருக்கும் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைகளோ 2018 முதல் தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே அதைப் பார்த்து வருகிறார்கள். நூலகம் இந்தப் பழக்கத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் கடைக்காரருக்கு உள்ள வசதி நூலகருக்கு இல்லை. கடையில் வங்கி தந்த அட்டையை ஒட்டினால் வேலை முடிந்தது, அதன் பின்னால் நடப்பதை வங்கி பார்த்துக்கொள்ளும். நூலகத்தில் அந்தக் குறியீட்டின் மறுமுனையில் என்ன இருக்கிறது, நாளையும் அது அங்கே இருக்குமா என்பதை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். சேலம் நகரில் ஒரு கிளை நூலகத்திலும் சேர்வராயன் மலையில் ஒரு சிறு நூலகத்திலும் வாசகர் வட்டத்தின் சார்பில் இந்த வேலையில் உடனிருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அச்சிடுவது இதில் கடைசிப் படி. பெரும்பாலோர் அதையே முதல் படியாகச் செய்துவிட்டுப் பிறகு அவதிப்படுகிறார்கள்.

குறியீட்டைப் பற்றிச் சிறிது

இந்தக் குறியீட்டை 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹரா தலைமையிலான குழு, வாகன உதிரிப் பாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக உருவாக்கியது. காப்புரிமை தன்னிடம் இருந்தும் பிறர் பயன்படுத்துவதை அந்நிறுவனம் தடுக்கவில்லை. 2000-இல் இது பன்னாட்டுத் தர அளவீடாகவும் ஏற்கப்பட்டது. ஆகவே குறியீடு உருவாக்க யாருக்கும் பணம் கட்டத் தேவையில்லை என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். இணையத்தில் கட்டணம் கேட்கும் தளங்கள் குறியீட்டுக்காகக் கேட்பதில்லை, வேறொன்றுக்காகக் கேட்கின்றன. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நூலகர் அறிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்றுதான்: உள்ளே எழுத்துகள் கூடக் கூடக் கட்டங்கள் கூடும், கட்டங்கள் கூடினால் ஒவ்வொரு கட்டமும் சிறுக்கும், சிறுத்தால் விலை குறைந்த கைபேசியின் கேமரா திணறும். மிகச் சிறிய குறியீட்டில் ஒரு பக்கத்துக்கு 21 கட்டங்கள். ஒவ்வொரு படிக்கும் நான்கு நான்காகக் கூடி 40-ஆம் படியில் 177 ஆகிறது. இதோடு பிழைதிருத்தம் என்று ஒன்று உண்டு. குறியீட்டின் ஒரு பகுதி அழுக்கடைந்தாலோ கிழிந்தாலோ மீதியைக் கொண்டு படித்துக்கொள்வதற்கான ஏற்பாடு அது. எல், எம், க்யூ, எச் என்ற நான்கு நிலைகளில் முறையே ஏறத்தாழ 7, 15, 25, 30 விழுக்காடு சேதம் வரை தாங்கும். 30 எழுத்துள்ள ஓர் இணைய முகவரிக்கு எம் நிலையில் 29 கட்டங்கள் தேவைப்படுகின்றன. க்யூ நிலைக்கு மாற்றினாலும் அதே 29 கட்டங்களுக்குள் அடங்கிவிடுகிறது. கூடுதல் பாதுகாப்பு இலவசமாகக் கிடைக்கும்போது அதை விடுவானேன்? பலர் கை படும் நூலகத்துக்கு நான் க்யூ நிலையையே பரிந்துரைக்கிறேன். ஆனால் மூன்று மூலைகளில் இருக்கும் பெரிய சதுரங்களில் ஒன்று கிழிந்துபோனால் இந்த விழுக்காடுகளை நம்பிப் பயனில்லை, ஏனெனில் அங்கே ஒரு குறியீடு இருக்கிறது என்பதையே கேமரா அந்த மூன்றைக் கொண்டுதான் கண்டுபிடிக்கிறது.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இணைய முகவரிக்குள் தமிழ் எழுத்துகள் வந்தால், அனுப்பும்போது அவை விழுக்காட்டுக் குறிகளும் எண்களும் கலந்த நீண்ட தொடராக மாறுகின்றன. ‘சேலம்’ என்று நம் கண்ணுக்கு மூன்றெழுத்தாகத் தெரிவது கணினிக்கு ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரிவதால் மொத்தம் 45. 30 எழுத்து முகவரியின் வாலில் இந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் எம் நிலையிலேயே 29 கட்டங்கள் 37 ஆகிவிடும். பக்கம் முழுவதும் தமிழில் இருக்கட்டும், தலைப்பும் தமிழில் இருக்கட்டும். முகவரி மட்டும் குறுகிய ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் இருக்கட்டும். மொழிப்பற்றைக் காட்டுவதற்கு முகவரி தக்க இடம் இல்லை.

முகவரி யாருடையது?

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்கலாம். நாங்கள் முதலில் அச்சிட்ட 40 குறியீடுகள் இரண்டே மாதத்தில் வீணாயின. இலவசம் என்று சொன்ன ஒரு தளத்தில் அவற்றை உருவாக்கியிருந்தோம். ஒரு நாள் மாலை போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞர் ஒருவர் வந்து, “சார், அலமாரியில ஒட்டியிருக்கறத ஸ்கேன் பண்ணா பணம் கட்டச் சொல்லுது” என்றார். சோதனைக் காலம் முடிந்துவிட்டதாகவும் சந்தா கட்டினால் தொடரலாம் என்றும் அந்தத் தளம் எங்கள் வாசகர்களுக்கு அறிவித்துக்கொண்டிருந்தது. நடந்தது என்னவென்றால், அந்தக் குறியீடுகளுக்குள் எங்கள் பக்கத்தின் முகவரியே இல்லை. அந்தத் தளத்தின் முகவரிதான் இருந்தது. வாசகர் முதலில் அவர்கள் வாசலுக்குப் போய், அவர்கள் கதவைத் திறந்துவிட்டால் மட்டுமே எங்களிடம் வந்து சேர்வார். மாறும் குறியீடு என்று விற்கப்படுவது இதுதான். கட்டணமும் அந்தக் கதவுக்குத்தான்.

மாறும் குறியீட்டில் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது: அச்சிட்ட பிறகும் அது போய்ச் சேரும் பக்கத்தை மாற்றலாம். அந்த நன்மையை நாமே உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதுதான் செய்தி. நூலகத்துக்கோ அது சார்ந்த கல்லூரிக்கோ சொந்த இணையதளம் இருந்தால், அதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட குறுகிய முகவரிகளை ஏற்படுத்தி, ஒவ்வொன்றும் உரிய பக்கத்துக்குத் திருப்பிவிடும்படி செய்யச் சொல்லலாம். இணையதளத்தைப் பராமரிப்பவருக்கு இது அரை மணி நேர வேலை. சொந்தத் தளம் இல்லாத கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் இலவசமாகக் கிடைக்கும் பக்கம் ஒன்றை நூலகத்தின் பெயரில் திறந்து, எல்லாக் குறியீடுகளையும் அதன் உட்பக்கங்களுக்கே அனுப்பி, அங்கிருந்து மற்ற இணைப்புகளைத் தரலாம். கணக்கைத் தனிநபர் மின்னஞ்சலில் திறக்கக் கூடாது. நூலகர் இடமாறுதலில் போகும்போது கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். அரசுப் பொது நூலகமானால் மாவட்ட நூலக அலுவலரிடம் முன்கூட்டியே எழுத்து வழி அனுமதி பெற்றுக்கொள்வது, பின்னால் வருபவர் இதைத் தொடரவும் உதவும்.

கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் பட்டியலை வைத்திருப்பவர்கள், தேடல் பக்கத்தில் ஒரு நூலுக்குக் காட்டும் முகவரியை அப்படியே குறியீட்டில் அடைக்க விரும்புவார்கள். அந்த முகவரியில் இருப்பது மென்பொருள் தன் வசதிக்காகக் கொடுத்துக்கொண்ட பதிவு எண். வேறு மென்பொருளுக்கு மாறினால் அந்த எண்களும் மாறிவிடலாம். ஒட்டிய குறியீடுகளெல்லாம் செத்துவிடும். நூலுக்குப் பதிப்பாளர் வழி வரும் பன்னாட்டுத் தர எண்ணான ஐஎஸ்பிஎன் கொண்டு தேடும்படி முகவரி அமைக்கலாமே என்றால், நம் நூலகங்களில் இருக்கும் பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் அந்த எண்ணே கிடையாது. இங்கும் நம்முடைய குறுமுகவரி நடுவில் இருப்பதே பாதுகாப்பு.

இவற்றை எழுதி வைக்க ஒரு பதிவேடு வேண்டும். குறியீட்டின் எண், ஒட்டிய இடம், குறுமுகவரி, போய்ச் சேரும் பக்கம், கடைசியாகச் சரிபார்த்த நாள் ஆகிய ஐந்து பத்திகள் போதும். நூல் இருப்புச் சரிபார்ப்புக்குப் பதிவேடு வைக்கும் நமக்கு இது புதிய பழக்கம் அன்று.

எதற்காக, எந்த இடத்தில்

ஒவ்வொரு நூலிலும் ஒரு குறியீடு ஒட்டலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் முதலில் வரும், எனக்கும் வந்தது. வேண்டாம் என்பேன். நூலைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்த நூலின் பட்டியல் விவரம் தேவையில்லை, அது அவர் கையிலேயே இருக்கிறது. நூல் எங்கே கிடைக்கவில்லையோ, எங்கே வாசகர் தயங்கி நிற்கிறாரோ அங்கேதான் குறியீடு பேச வேண்டும். ‘வாசகரின் நேரத்தைச் சேமி’ என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் தம் ஐந்து நூலக விதிகளில் நான்காவதாக எழுதியது இந்தத் தேர்வுக்கு நல்ல அளவுகோல்.

சேலத்தில் காலை நேரத்தில் நூலகத்துக்கு வருபவர்களில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மிகுதி என்பதால் நாங்கள் அந்த அலமாரியிலிருந்தே தொடங்கினோம். தேர்வாணையம் தன் தளத்தில் வெளியிடும் பாடத்திட்டம், முந்தைய வினாத்தாள்கள், அரசு வெளியிடும் பள்ளிப் பாடநூல்களின் மின்பதிப்பு ஆகியவற்றுக்கான இணைப்புகளை ஒரே பக்கத்தில் தொகுத்து, அந்த அலமாரியின் பக்கவாட்டில் ஒரு குறியீடு வைத்தோம். ஒரே பாடநூலுக்கு நான்கு பேர் காத்திருக்கும் நிலை அதனால் தளர்ந்தது. இணைப்புகளை அதிகாரப்பூர்வத் தளங்களுக்கு மட்டுமே தர வேண்டும். யாரோ தொகுத்துப் பரப்பும் கோப்புகளுக்கு நூலகத்தின் பெயரால் வழிகாட்டக் கூடாது.

இரண்டாவதாகப் பலன் தந்தது உள்ளூர் வரலாற்று அலமாரி. சேலம் மாவட்டம் பற்றிய பழைய ஆவணங்கள் இரவல் தர இயலாத குறிப்புதவி நூல்களாகவே இருக்கும். தாள் உடைந்துவிடும் என்று எடுத்துத் தரவே நூலகர் அஞ்சுவார். எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்து 1918-இல் வெளிவந்த மாவட்ட கெசட்டியர் என்னும் மாவட்ட விவரத் தொகுப்பு போன்றவற்றின் மின்படிகளுக்கு அலமாரியிலிருந்தே வழி காட்டினால் மூலத்தின் மேல் கை படுவது குறையும். மேட்டூர் அணை, மாடர்ன் தியேட்டர்ஸ் என்று மாணவர்கள் ஆண்டுதோறும் தேடி வரும் தலைப்புகளுக்கு, நம் நூலகத்தில் என்னென்ன நூல்கள் எந்த அடுக்கில் உள்ளன என்று நூலகரே எழுதிய ஒரு பக்கம் இருந்தால் அது எந்தத் தேடுபொறியும் தராத உதவி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், தமிழ் இலக்கியங்களை மின்வடிவில் இலவசமாகத் தருவதற்காகத் தன்னார்வலர்கள் 1998 முதல் நடத்தும் மதுரைத் திட்டத்தையும் இலக்கிய அலமாரியோடு இணைக்கலாம். காப்புரிமையில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்தவையும் அரசு நாட்டுடைமை ஆக்கியவையும் போக, மற்ற நூல்களின் முழு மின்படிக்கு இணைப்புத் தரலாகாது.

உறுப்பினர் சேர்க்கைப் படிவம், நூல் வாங்கப் பரிந்துரைக்கும் படிவம், புதிய வரவுகளின் பட்டியல் ஆகியவற்றுக்கும் தலா ஒரு குறியீடு போதும். வாசகர்களுக்கு வைஃபை தரும் நூலகம் அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் ஒரு குறியீட்டில் அடைத்துச் சுவரில் வைக்கலாம்; கடவுச்சொல்லை மாற்றும் ஒவ்வொரு முறையும் தாளையும் மாற்ற வேண்டும், அலுவலகக் கணினிகள் இருக்கும் இணைப்பை அதில் தரக் கூடாது. படிப்பறையில் வைக்கும் குறியீடு நேராகக் காணொளிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அமைதியான அறையில் திடீரென ஒலி எழுந்தால் அந்த வாசகர் மறுமுறை கைபேசியை எடுக்கவே மாட்டார். இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: ‘கைபேசி பயன்படுத்தாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே எங்கள் முதல் குறியீட்டை ஒட்டியிருந்தோம். பலகையை ‘கைபேசியில் பேசாதீர்’ என்று திருத்தி எழுத ஒரு வாரம் ஆயிற்று.

ஏற்கெனவே இருக்கும் பட்டைக் குறியீடு

நூல் இரவலுக்காக, ஒவ்வொரு நூலுக்கும் நூலகம் தரும் சேர்க்கை எண்ணைப் பட்டைக் குறியீடாக ஒட்டியிருக்கும் நூலகங்கள் அதைக் கழற்ற வேண்டாம். மேசையில் இருக்கும் லேசர் வகைப் படிப்பான் கோடுகளை மட்டுமே படிக்கும், சதுரக் குறியீட்டை அதனால் படிக்க முடியாது. அதற்குப் படமெடுத்துப் படிக்கும் வகை வேண்டும். அந்த வகை இருந்தாலும் இரண்டையும் அருகருகே ஒட்டினால் எதைப் படித்தது என்று தெரியாமல் குழப்பம் வரும். பின்னட்டையில் அச்சாகியிருக்கும் 978 என்று தொடங்கும் எண்ணைப் படித்துவிட்டு ‘நூல் இல்லை’ என்று கணினி சொல்வதை இரவல் மேசையில் இருப்பவர்கள் அறிவார்கள். அதில் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டாம்.

அச்சும் ஒட்டுதலும்

வாசகர் எவ்வளவு தொலைவில் நின்று படிப்பாரோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவு குறியீட்டுக்கு வேண்டும் என்பது நடைமுறைக் கணக்கு. கையெட்டும் அலமாரிக்கு 3 முதல் 4 செ.மீ. போதும், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் சுவரொட்டிக்கு 15 செ.மீ. வேண்டும். சுற்றிலும் நான்கு கட்ட அகலத்துக்கு வெள்ளை இடம் கட்டாயம். அழகுக்காக அந்த இடத்தில் பூவேலைக் கரை போடும் அச்சகங்கள் உண்டு, மெய்ப்பு பார்க்கும்போதே அதை நீக்கச் சொல்லிவிடுங்கள். வெள்ளையில் கறுப்பே சிறந்தது. கறுப்பில் வெள்ளையாக அச்சிட்டால் சில கைபேசிகள் படிக்காது.

பளபளப்பான உறையிட்டால் குழல் விளக்கின் வெளிச்சம் அதில் பட்டுக் குறியீட்டை மறைக்கும். பளபளப்பற்ற உறை சிறிது விலை கூடினாலும் அதையே கேளுங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கரையும் என்பதால் லேசர் அச்சே ஏற்றது. ஏற்காட்டில் மழைக்காலத்து மூடுபனி சன்னல் வழியே உள்ளே வந்து நூலட்டைகளையே நனைத்துவிடும். அங்கே சாதாரணத் தாளில் அச்சிட்டு ஒட்டுநாடாவால் ஒட்டியவை ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. பழைய நூலின் தாளில் நேரடியாக எதையும் ஒட்டாதீர்கள். பசையின் கறை ஏறிவிடும். தேவைப்பட்டால் அட்டைத் துண்டாகச் செருகி வையுங்கள்.

குறியீட்டுக்கு மேலே அது எதற்கு என்று ஒரு வரியும், கீழே கையால் தட்டச்சு செய்யும்படி குறுமுகவரியும் இருக்க வேண்டும். ‘ஸ்கேன் செய்க’ என்று மட்டும் எழுதியிருந்தால், பணம் கேட்கும் குறியீடு என்றே முதியவர்கள் எண்ணி ஒதுங்குகிறார்கள். ஆகவே ‘இந்த அலமாரியில் உள்ள நூல்களின் பட்டியல், கட்டணம் இல்லை’ என்பதுபோல் முழுச் சொற்றொடராக எழுதுவது நல்லது. கைபேசி இல்லாதவருக்கு அதே பட்டியலின் அச்சுப் படி ஒன்று மேசையில் இருக்கட்டும்.

மலையில் இணைப்பு இல்லாத இடங்களில்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு நகரை அடைந்தால் அங்கே ஓரளவு இணைப்புக் கிடைக்கும். நாகலூர், மாரமங்கலம் பக்கம் உள்ளே போகப் போக ஒரு சன்னலில் இருக்கும் சமிக்ஞை மறு சன்னலில் இருப்பதில்லை. இணையப் பக்கத்தைத் திறக்கும் குறியீடு அங்கே ஏமாற்றமே தரும். மூன்று வழிகளை முயன்றோம்.

முதலாவது, முகவரிக்குப் பதிலாகச் செய்தியையே குறியீட்டுக்குள் வைப்பது. தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு ஆவதால் நூறு குறிகள் கொண்ட சிறு அறிவிப்புக்கே எம் நிலையில் 69 கட்டங்கள் வேண்டும். 5 அல்லது 6 செ.மீ. அளவில் அச்சிட்டால் படிக்கிறது. ஆனால் சில கைபேசிகளின் கேமரா, வெறும் உரையைக் கண்டால் அதை இணையத்தில் தேடப் புறப்பட்டுவிடுகிறது. உள்ளதைச் சொன்னால், அதே செய்தியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டுவது இதைவிட எளிது.

இரண்டாவது, குறுஞ்செய்தி அனுப்பும் குறியீடு. நூலகத்தின் எண்ணும் ‘இந்தப் பட்டியலில் நூல் எண் … வேண்டும்’ என்ற தொடரும் அதில் நிரம்பியிருக்கும். வாசகர் நூல் எண்ணைச் சேர்த்து அனுப்பினால் போதும். இணையம் எட்டாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர்கிறது. அடுத்த முறை நூல்கட்டு மலையேறும்போது கேட்ட நூல் அதில் இருக்கும். மூன்றில் இதுவே நிலைத்தது. எண் நூலகத்துக்கு உரியதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மூன்றாவது, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் பக்கங்களையும் மின்னூல்களையும் ஏற்றி, அறைக்குள் மட்டும் எட்டும் வைஃபை வழியாகத் தருவது. இதற்கு இரண்டு குறியீடுகள் வேண்டும்: வைஃபையில் சேர ஒன்று, பக்கத்தைத் திறக்க ஒன்று. இணையம் இல்லாத வைஃபை என்று கண்டதும் சில கைபேசிகள் தாமாகவே விலகிப்போகும். மின்தடை ஏற்பட்டால் எல்லாம் நிற்கும். பொறுமையும் ஆர்வமும் உள்ள ஒருவர் ஊரிலேயே இருந்தால் மட்டும் இதில் இறங்கலாம்.

சோதனையும் காவலும்

ஒட்டுவதற்கு முன் ஒரே ஒரு தாளை அச்சிட்டு, அது இருக்கப்போகும் இடத்திலேயே, பகல் வெளிச்சத்திலும் மாலை விளக்கொளியிலும் சோதிக்க வேண்டும். உங்கள் புதிய கைபேசியில் படித்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். நூலகத்துக்கு வரும் யாரிடமேனும் உள்ள மிகப் பழைய கைபேசியைக் கேட்டு வாங்கிச் சோதியுங்கள். பக்கம் அந்தச் சிறு திரையில் விரல் வைத்துப் பெரிதாக்காமலே படிக்க முடிகிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

கடைகளில் ஒட்டிய குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டிப் பணத்தைத் திருப்பும் மோசடி நூலகத்திலும் நடக்கக்கூடும். பதிவேட்டோடு மாதம் ஒருமுறை ஒவ்வொரு இடத்துக்கும் போய், விரலால் தடவி மேலொட்டு இருக்கிறதா என்று பார்த்து, ஸ்கேன் செய்து, நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். தாமதக் கட்டணத்துக்கான குறியீட்டைச் சுவரில் ஒட்டாமல், மேசையில் நூலகர் கண்பார்வையில் வையுங்கள்.

படிவங்களில் தேவைக்கு மேல் எதையும் கேட்காதீர்கள். நூல் பரிந்துரைக்க நூலின் பெயர் போதும், ஆதார் எண் எதற்கு? யார் எந்த அலமாரியில் ஸ்கேன் செய்தார் என்பது நமக்குத் தேவையில்லை. எந்தக் குறியீடு எத்தனை முறை திறக்கப்பட்டது என்பது மட்டும் போதும். குறுமுகவரி நம்முடையதாக இருந்தால் அந்த எண்ணிக்கை தளத்திலேயே கிடைத்துவிடும்.

அந்த எண்ணிக்கையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, யாரும் தொடாத குறியீட்டை எடுத்துவிட வேண்டும். எங்கள் நூலகத்தில் நூலகத்தின் வரலாற்றைச் சொல்லும் பக்கத்துக்கு வாசலிலேயே பெரிய குறியீடு வைத்திருந்தோம். மூன்று மாதத்தில் அதைத் திறந்தவர்கள் நான்கு பேர், அதில் இருவர் எங்கள் வட்டத்தினர். அதைக் கழற்றிவிட்டு, பருவ இதழ்ப் பகுதியில் ‘இந்த வாரம் வந்த இதழ்கள்’ என்ற பட்டியலுக்கு அந்தச் சட்டத்தை மாற்றினோம். பட்டியலை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை நூலகம் திறந்ததும் புதுப்பிக்கும் பொறுப்பை இதழ்களைப் பதிவு செய்யும் பணியாளரே ஏற்றுக்கொண்டார். அவர் பெயரைப் பதிவேட்டின் ஆறாவது பத்தியாகச் சேர்த்திருக்கிறோம்.